தீவன மூட்டையும் நம் கணக்குப் புத்தகமும்



மாட்டுக்கும் ஆட்டுக்கும் மூளையில் வரும் நோயைப் பற்றி மளிகைக்காரர் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அது கால்நடை டாக்டர்கள் பார்க்க வேண்டிய விஷயம், நமக்கெதற்கு வீண் வேலை என்றும் நினைக்கலாம். தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் நம் கடைகளின் வாசலைச் சற்றுப் பாருங்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே கோதுமைத் தவிடு, உளுந்தம் பொட்டு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கலப்புத் தீவன மூட்டை எல்லாம் நிற்கின்றன. உள்ளே குளிர்பெட்டியில் பால் பாக்கெட் இருக்கிறது. மாட்டின் வாய்க்குள் போவதையும் நாம்தான் விற்கிறோம். அதன் மடியிலிருந்து வருவதையும் நாம்தான் விற்கிறோம். இடையில் அந்த மாட்டுக்கு ஒன்று நேர்ந்தால் முதல் கேள்வி நம் கடை வாசலில்தான் வந்து நிற்கும்.

நிற்கும் என்று யூகமாகச் சொல்லவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, நம்ம தீவனம் தின்ன மாடு ஒண்ணு நிக்க முடியாம விழுந்து கெடக்குதாம். அந்தம்மா கடை வாசல்ல வந்து சத்தம் போடுது. என்ன சொல்லட்டும்?" என்றார். முடிச்சூர்ப் பக்கம் நாலைந்து மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் அம்மாள் அவர். மாட்டின் வாயில் எச்சில் ஒழுகுகிறது, விட்டு விட்டுக் கத்துகிறது, பின்னங்கால் இழுக்கிறது. தீவனத்தை மாற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே தீவனத்தில்தான் ஏதோ கலப்படம் என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

நாம் உடனே கிடங்குக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு கம்பெனிச் சரக்கு ஒரே அட்டியில் அடுக்கப்பட்டிருந்தது. நம் புத்தகத்தில் "தீவனம் 40 மூட்டை" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த லாரியில் வந்தது, எந்த பேட்ச், எந்தக் கடைக்கு எது போனது என்ற விவரம் ஒன்றும் இல்லை. நாற்பது ஆண்டு வியாபார அனுபவம் இருந்தும் பதில் சொல்ல வாயில்லாமல் நின்றோம். வேறு வழி தெரியாமல் 11 கடைகளிலிருந்து எல்லா மூட்டைகளையும் திரும்ப எடுத்தோம். வண்டி வாடகையும் கூலியும் நஷ்டம். அதைவிட, பெயர் கெட்டது பெரிய நஷ்டம்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தவர், "யாரும் இதன் வாயில் கை வைக்காதீர்கள்" என்றுதான் முதலில் சொன்னார். மாடு இறந்தபின் மூளையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த முடிவு, ரேபிஸ். எப்போதோ ஒரு வெறிநாய் கடித்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மாட்டுக்கு மருந்து புகட்டியவர்கள் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். தீவனத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று ஆயிற்று. ஆனால் அந்த நல்ல சேதி, கெட்ட சேதி ஓடிய வேகத்தில் ஓடவில்லை. இரண்டு கடைக்காரர்கள் அதற்குப் பிறகு நம்மிடம் தீவனம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அன்று நம்மைக் காப்பாற்றியது அந்த ஒரு பரிசோதனைதான். நம்முடைய கணக்குப் புத்தகம் காப்பாற்றவில்லை. இந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பிரிட்டன் கற்ற பாடம்

ரேபிஸ் கிருமியால் வருவது. அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான மூளை நோய் ஒன்று மாட்டுக்கு உண்டு. பத்திரிகைகள் 'மேட் கவ்' என்று எழுதிய பி.எஸ்.இ. நோய் அது. மூளை பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகிவிடும். மாடு மிரளும், தடுமாறும், விழும், இறக்கும். ஆட்டுக்கு வரும் இதே குடும்பத்து நோய்க்கு ஸ்க்ரேப்பி என்று பெயர். அரிப்புத் தாங்காமல் செம்மறியாடு வேலியிலும் சுவரிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இவற்றுக்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை; உருக்குலைந்த ஒரு புரதம். அதற்குப் 'பிரியான்' என்று 1982-ல் பெயர் சூட்டிய அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதம் சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அழியாது. உடலில் புகுந்தபின் நோய் வெளியே தெரிய நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் எந்த மூட்டை, எந்தக் கடை என்று யாருக்கு நினைவிருக்கும்?

பிரிட்டனில் இந்த நோய் 1986-ல் கண்டறியப்பட்டது. செத்த கால்நடைகளின் இறைச்சி, எலும்புக் கழிவை அரைத்துத் தூளாக்கி, புரதச் சத்துக்காக மாட்டுத் தீவனத்திலேயே கலந்ததுதான் அது பரவக் காரணம். புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே அரைத்துப் போட்டார்கள். 1988-ல் அதற்குத் தடை வந்தது. இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். தடை மாட்டுத் தீவனத்துக்கு மட்டுமே. கோழிக்கும் பன்றிக்கும் அதே தூள் போய்க்கொண்டிருந்தது. அதே ஆலை, அதே இயந்திரம். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் மீதி மாட்டுத் தீவனத்தில் கலந்தது. நோயுள்ள மூளைத் திசு ஒரு கிராமுக்கும் குறைவாக இருந்தாலே ஒரு கன்றுக்கு நோய் வரப் போதும் என்று பின்னர் சோதனையில் தெரிந்தது. தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு நோய் வந்தது. மொத்தம் 1,80,000-க்கும் மேல். 1996-ல் எல்லாக் கால்நடைத் தீவனத்திலும் அந்தத் தூளை அடியோடு நிறுத்தினார்கள்.

இதனிடையே 1990-ல் அந்நாட்டு வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், தம் சின்ன மகளைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தி மாட்டிறைச்சி பர்கர் கொடுத்து, பயமில்லை என்று காட்டினார். 1996 மார்ச் 20 அன்று, இந்த நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக் கூடும் என்று அதே நாட்டு அரசு பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 178 பேர் அந்த மனித நோயால் மாண்டார்கள். மருந்தே கிடையாது. சில நாளில் ஐரோப்பாவே பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்குக் கதவைச் சாத்தியது. உறுதிமொழியை நம்பி வியாபாரம் செய்தவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள்.

அமெரிக்காவில் 2003 டிசம்பரில் ஒரே ஒரு மாட்டுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் ஜப்பான், தென்கொரியா உட்படப் பல நாடுகள் கொள்முதலை நிறுத்தின. காதில் இருந்த அடையாள வில்லையை வைத்துப் பின்னோக்கித் தேடி, அது கனடாவில் பிறந்த மாடு என்று கண்டுபிடித்தார்கள். எங்கே பிறந்தது, எதைத் தின்றது என்ற கேள்விகளுக்கு விடை தேடத் தொடக்கப் புள்ளி அதுதான். ஒரு மாட்டின் காதில் தொங்கிய சின்ன வில்லை அவ்வளவு வேலை செய்தது. சரக்குக்கு பேட்ச் எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குத்தூசி போடும் இடம்

இந்த நோயை உயிருள்ள மாட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்ய முடியாது. இறந்தபின் மூளையின் அடித்தண்டிலிருந்து திசு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியானால் கோடிக்கணக்கான மாடுகள் உள்ள நாட்டில் எதைச் சோதிப்பது?

நாம் அரிசி லோடு இறக்கும்போது என்ன செய்கிறோம்? ஒவ்வொரு மூட்டையையும் கொட்டியா பார்க்கிறோம்? குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். அதையும் மேலே பளபளப்பாக இருக்கும் மூட்டையில் போடுவதில்லை. ஓரத்தில் நனைந்த மூட்டை, அடியில் நசுங்கிய மூட்டை, தையல் பிரித்துத் தைத்த மூட்டை எது என்று பார்த்துப் போடுகிறோம். சந்தேகம் உள்ள இடத்தில் பத்துக் குத்து, மற்ற இடத்தில் நூறு குத்துக்குச் சமம்.

உலக விலங்குச் சுகாதார அமைப்பும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தது. பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த அதன் விதிப்படி, 4 முதல் 7 வயதுக்குள் உள்ள, நன்றாக நடந்து வந்து அறுக்கப்பட்ட மாட்டைச் சோதித்தால் 0.2 புள்ளி. அதே வயதில் நோய்க்குறியோடு தடுமாறிய மாட்டைச் சோதித்தால் 750 புள்ளி. அதாவது சந்தேகமான ஒரு மாடு, 3,750 சாதாரண மாடுகளுக்குச் சமம். 2023-ல் அந்தப் புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் நோய்க்குறி உள்ள மாட்டைத் தேடிப் பிடி என்ற தத்துவம் மாறவில்லை. ஆகவே, ஆயிரம் நல்ல மாட்டைச் சோதித்தோம் என்ற கணக்கைவிட, முடிச்சூரில் விழுந்த ஒரு மாட்டைச் சோதித்தோம் என்பதுதான் மதிப்பு. அப்படி விழுந்த மாட்டின் சேதி டாக்டருக்கு முன்னால் யாருக்கு வருகிறது? தவிடு வாங்க வரும் பால்காரர் மூலம் நமக்கு வருகிறது.

நம் நாட்டு நிலவரம்

வீண் பீதி வேண்டாம். இந்தியாவில் இன்று வரை ஒரு மாட்டுக்கும் பி.எஸ்.இ. உறுதி செய்யப்பட்டதில்லை. 2010-ல் உலக விலங்குச் சுகாதார அமைப்பு இந்தியாவை மிகக் குறைந்த ஆபத்துள்ள நாடுகளின் வரிசையில் சேர்த்தது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தில் இத்தகைய கொடிய நோய்களை ஆராயும் வசதி இருக்கிறது. பால் வழியாக இந்த நோய் பரவுவதாகச் சான்று இல்லை. பாலைப் பாதுகாப்பான பொருளாகவே உலக அமைப்பு வைத்திருக்கிறது. பால் விற்பவர்கள் இதை வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் நமக்கு வராது என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. ஆட்டு நோயாகிய ஸ்க்ரேப்பி, இமயமலை அடிவாரத்துச் செம்மறியாடுகளில் இருந்ததாக 1961-லேயே ஸ்லாட்னிக், கட்டியார் என்ற இருவர் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். தேடியவர் கண்ணில் பட்டது. தேடாமல் இருந்திருந்தால் இல்லை என்றே நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2005-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யூகத்தை எழுதினார்கள். முன்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கப்பலில் வந்த எலும்புச் சரக்கில், ஆற்றில் விடப்பட்ட மனித உடல்களின் எலும்பும் கலந்திருக்கலாம். அதிலிருந்தே பிரிட்டன் மாடுகளுக்கு நோய் வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நேரடிச் சான்று ஒன்றும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து மருத்துவ அறிஞர்கள் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். நாம் விஞ்ஞானிகள் இல்லை, வியாபாரிகள். நமக்கு இதில் தெரிவது ஒன்றுதான். எலும்பு பொறுக்கியவர், சேர்த்தவர், அரைத்தவர், ஏற்றியவர் என்று கை மாறி மாறிப் போன சரக்கு அது. கைக்குக் கை சரியான கணக்கு இருந்திருந்தால், எங்கள் மூட்டையில் என்ன இருந்தது என்று ஏட்டைத் திறந்து காட்டியிருக்கலாம். முடிச்சூர் விவகாரத்தில் நாம் நின்ற நிலையில்தான் அன்று நாடே நின்றது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. கால்நடைகளுக்கு அந்தத் தூளைப் போடக்கூடாது என்று 2001-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், பட்டியலில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2020-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், பாலும் இறைச்சியும் தரும் கால்நடைகளுக்கு இறைச்சித் தூள், எலும்புத் தூள், ரத்தத் தூள் கலந்த தீவனம் கூடாது என்றது. மாட்டுத் தீவனம் ஐ.எஸ். 2052 தரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் கோழி, பன்றி, மீன் தீவனத்துக்கு அந்தத் தடை கிடையாது.

பிரிட்டனில் நடந்தது நினைவுக்கு வருகிறதா? அங்கே ஆலையில் கலந்தது. இங்கே நம் கடையில் கலக்கலாம். ஒரே மூலையில் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் வாய் திறந்த மூட்டைகளில் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே அள்ளும் முறம், ஒரே தராசுத் தட்டு. கீழே சிந்தியதைக் கூட்டி எந்த மூட்டை பக்கத்தில் இருக்கிறதோ அதில் போடுகிறான் பையன். கோழித் தீவனம் வந்த சாக்கிலேயே தவிடு கட்டிக் கொடுக்கிறோம். இதை எழுதும் நாமும் செய்தவர்கள்தான்.

இன்னொன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கால்நடைத் தீவனம் சேராது. பால் உணவு, பாலைத் தரும் மாடு தின்பது உணவு ஆகாது. அதனால் நம் கடையில் மிளகாய்த் தூளுக்கு மாதிரி எடுக்கும் அதிகாரியின் கண், பக்கத்தில் நிற்கும் தீவன மூட்டை மேல் விழுவதில்லை. கேட்க ஆளில்லாத சரக்கு என்று சிலர் மகிழலாம். கேட்க ஆளில்லாத சரக்கில்தான் கெட்டது நுழையும் என்பது நம் தொழிலில் பழுத்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்வாதமும் பதிலும்

"ஜி.எஸ்.டி. கணக்கு, உரிமம், தராசு முத்திரை என்று ஏற்கெனவே கழுத்து வரை இருக்கிறது. வராத நோய்க்கும் ஒரு நோட்டா?" என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சின்னக் கடைக்காரர் தலையில் பாரம் ஏற்றுவதை எதிர்த்துப் பலமுறை குரல் கொடுத்தவர்கள் நாம். ஆனால் இது அரசாங்கத்துக்காக எழுதும் நோட்டு இல்லை. நம் பெயரைக் காக்க நாமே எழுதிக்கொள்ளும் நோட்டு. நாளைக்கு ஒரு நாள், தீவனத்தால் மாடு செத்தது என்று ஒருவர் செல்போனில் படம் எடுத்துப் பரப்பினால், மாலைக்குள் தாம்பரம் முழுக்கப் போய்விடும். அப்போது, "இதோ பில், இதோ பேட்ச் எண், இதே பேட்ச் இன்னும் இத்தனை கடைக்குப் போயிருக்கிறது, அங்கெல்லாம் மாடு நன்றாக இருக்கிறது" என்று சொல்ல முடிந்தவன் பிழைப்பான். முடியாதவன் நம்மைப் போல் மூட்டையைத் திரும்ப ஏற்றுவான்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. மாட்டுத் தீவனம் வாங்கும்போது பில் இல்லாமல் வாங்க வேண்டாம். வந்த நாள், கம்பெனி, பேட்ச் எண், மூட்டைக் கணக்கு, எந்தக் கடைக்குப் போனது என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். நோய் தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். கோழி, மீன் தீவனத்துக்குத் தனி இடம், தனி முறம், தனிச் சாக்கு. தாது உப்புக் கலவை வாங்கும்போது அதில் உள்ள டை கால்சியம் பாஸ்பேட் பாறையிலிருந்து எடுத்ததா, எலும்பிலிருந்து எடுத்ததா என்று கம்பெனியை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தம் மாடு மிரள்கிறது, தடுமாறுகிறது, எச்சில் ஒழுகுகிறது என்று சொன்னால், கைவைத்தியம் சொல்லி அனுப்பாமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணைச் சொல்லுங்கள். அது ரேபிஸாகவே இருந்தாலும் ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தவர் ஆவீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தீவனத்தில் குற்றம் என்றால் கட்டிய மூட்டையைப் பிரிக்காமல் விற்ற சில்லறைக் கடைக்காரரைப் பிடித்து நிறுத்தக் கூடாது. தயாரித்தவரிடம் போக வேண்டும். சோதனைக்கு மாடு கொடுத்தவருக்கும் தீவனம் விற்றவருக்கும் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நல்ல முடிவைத் தட்டியிலும் போட வேண்டும். நோயுற்ற மாட்டைத் தெரிவிக்கும் பால்காரருக்கு உரிய தொகை தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் டாக்டருக்குச் சொல்லமாட்டார். விடியுமுன் தரகரிடம் தள்ளிவிடுவார். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டியிருக்கிறார்கள்; நல்ல காரியம். அந்த எண்ணும் நம் பேட்ச் எண்ணும் ஒரு நாள் ஒன்றையொன்று சந்திக்கும்படி வழி செய்தால்தான் அது முழுமையாகும். காட்டுப்பாக்கத்தில், நம் பகுதிக்கு அருகிலேயே, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்களை அழைத்து நம் உறுப்பினர்களுக்கு ஒரு கூட்டம் நடத்தச் சங்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

முடிச்சூர் அம்மாள் பிறகு வேறொரு மாடு வாங்கினார். ஒரு வருஷம் கழித்து நம் கிடங்குக்கே நேரில் வந்து தீவனம் கேட்டார். "அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றார். அவர் பேசியதில் தப்பில்லை என்று சொன்னோம். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை, தப்பு நம்முடையது. இன்று அவருக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையின் எண்ணும் நம் நோட்டில் இருக்கிறது. உங்கள் கடையிலும் அப்படியொரு நோட்டு இந்த மாதமே தொடங்கட்டும்.